எந்த மதிப்பு எந்த வழியில்? கோட்டாற்று பில்லும் இணையச் சேவையின் அமைப்பு மதிப்புகளும்

நாகர்கோவிலின் கோட்டாறு கம்பளம் சந்தையிலுள்ள ஒரு மொத்தக் கடையிலிருந்து 70,000 ரூபாய்க்கு முந்திரிப் பருப்பு தூத்துக்குடிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின் ஆவணமான இ-வே பில் அதற்கு வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்கு 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் அது கட்டாயம். அதே பருப்பு அதே விலைக்குக் கேரளத்துப் பாறசாலைக்குப் போனால், இ-வே பில் இல்லாமல் வண்டி எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டக் கூடாது. மாநில எல்லையைக் கடக்கும் சரக்குக்கு வரம்பு 50,000 ரூபாய். தூரத்தைப் பார்த்தால் பாறசாலைதான் பக்கம். ஆனால் பில் போடும் மென்பொருள் பார்ப்பது தூரத்தை அல்ல, ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களை. 33 என்றால் தமிழ்நாடு, 32 என்றால் கேரளம். விற்பவர், வாங்குபவர் இருவரின் எண்ணிலும் அவை ஒன்றாக இருந்தால் வரி மத்திய, மாநிலப் பங்குகளாகப் பிரியும். வேறாக இருந்தால் ஒருங்கிணைந்த வரியாக ஒரே தொகை விழும்.

இந்த முடிவை இன்று பெரும்பாலும் ஓர் இணையச் சேவைதான் எடுக்கிறது. கடையின் கணினி பில் விவரத்தை அனுப்புகிறது. எங்கோ ஒரு சர்வரில் ஓடும் சேவை அதைச் சரிபார்க்கிறது, அரசின் தளத்துக்கு அனுப்புகிறது, பதிலை வாங்கித் தருகிறது. இந்த வேலையைச் செய்ய அந்தச் சேவைக்குப் பல மதிப்புகள் வெளியிலிருந்து தெரிந்தாக வேண்டும். அரசுத் தளத்தின் முகவரி, உள்ளே நுழையும் கடவுச்சொல், பதிலுக்கு எத்தனை விநாடி காத்திருப்பது, வரி வீதம், இ-வே பில் வரம்பு, கடையின் ஜிஎஸ்டி எண், பில் வரிசையின் முன்னெழுத்து என்று பட்டியல் நீளும். தொழிலில் இவை எல்லாவற்றுக்கும் ‘கான்பிக்’ என்றுதான் பெயர். ஒரே பெயர் என்பதால் ஒரே கோப்பில் போட்டு ஒரே வழியில் சேவைக்குள் அனுப்பிவிடுகிறார்கள். இந்தத் துறையின் பாதித் தொல்லை அங்கேதான் பிறக்கிறது என்பது என் முடிவு. ஒரு மதிப்பை மாற்றும் உரிமை யாருக்கு, எத்தனை நாளுக்கு ஒருமுறை அது மாறும், மாறினால் எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால், அது சேவைக்குள் வரவேண்டிய வழியும் தெரிந்துவிடும்.

சிக்கலின் வேர் பழையது. சாதாரண நிரலில் ஒரு பொருளை நாமே உருவாக்குகிறோம். உருவாக்கும்போதே தேவையான மதிப்புகளைக் கட்டமைப்பியின் வழியாகக் கையில் கொடுத்துவிடலாம். இணையச் சேவையில் அந்த வசதி கிடையாது. டாம்கேட் போன்ற சர்வர்தான் நம் வகுப்பை உருவாக்கும். எப்போது உருவாக்கும், எத்தனை உருவாக்கும் என்பதெல்லாம் அதன் விருப்பம். மதிப்பு எதையும் ஏற்காத வெறும் கட்டமைப்பி ஒன்று இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஆக, நம் சேவை பிறக்கும்போது அதன் கையில் ஒன்றும் இருக்காது. பிறந்த பிறகு தனக்கு வேண்டியதை அதுவேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

ஜாவா உலகம் இதற்குத் தந்த முதல் ஒழுங்கான விடை, 1999இல் செர்வ்லெட் 2.2 தரத்தோடு வந்த வெப்.எக்ஸ்எம்எல் கோப்பு. பயன்பாடு முழுவதற்கும் பொதுவான மதிப்புகளை அதில் ஓரிடத்திலும், ஒரு செர்வ்லெட்டுக்கு மட்டும் உரியவற்றை வேறோர் இடத்திலும் எழுதலாம். பின்னால் வந்த இணையச் சேவைக் கருவியான ஆக்ஸிஸ்2, ஒவ்வொரு சேவைக்கும் தனியாக ஒரு சர்வீசஸ்.எக்ஸ்எம்எல் கோப்பு வைத்து, அதற்குள் பெயரும் மதிப்புமாக எழுத இடம் கொடுத்தது. 2006இல் ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் 2.0 தரம் வந்தபோது, குறிப்புச் சொற்களை வகுப்பின் தலையில் எழுதினாலே சேவை தயார் என்ற நிலை உண்டானது. எழுதுவது எளிதானது, மதிப்பைக் கொண்டுசேர்ப்பது குழப்பமானது.

அந்தக் குழப்பத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம், இன்றும் பலர் அங்கே முட்டிக்கொள்வதால். வெப்.எக்ஸ்எம்எல்லில் எழுதிய மதிப்பைச் சேவை வகுப்புக்குள் படிக்க வேண்டும். வெப்சர்வீஸ்கான்டெக்ஸ்ட் என்ற பொருளை ‘ரிசோர்ஸ்’ குறிப்பின் மூலம் கேட்டால் சர்வர் அதைக் கொடுத்துவிடும். அதன் வழியாக மெசேஜ்கான்டெக்ஸ்ட், அதற்குள் செர்வ்லெட்கான்டெக்ஸ்ட், அதற்குள் நம் மதிப்பு. முதலில் பலரும் இதைக் கட்டமைப்பிக்குள் எழுதுவார்கள். அங்கே அது வெறுமையாக இருக்கும், ஏனென்றால் பொருள் உருவான பிறகுதான் சர்வர் அதை உள்ளே வைக்கிறது. அடுத்து, ‘போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட்’ குறிப்பு இட்ட செயற்பாட்டுக்கு மாற்றுவார்கள். இப்போது வெப்சர்வீஸ்கான்டெக்ஸ்ட் இருக்கும், ஆனால் மெசேஜ்கான்டெக்ஸ்ட்டைக் கேட்டவுடன் ‘இல்லீகல்ஸ்டேட்’ பிழை வரும். காரணம், அந்தப் பொருள் ஒரு கோரிக்கை நடந்துகொண்டிருக்கும்போது மட்டுமே உயிரோடு இருப்பது. கோரிக்கையே வராத தொடக்க நேரத்தில் மெசேஜ் ஏது? ஆகவே ஒவ்வொரு கோரிக்கையிலும் படிப்பது ஒன்றுதான் மிச்சம். மதிப்பு தவறாக இருந்தால் அது முதல் வாடிக்கையாளரின் பில்லில்தான் தெரியும் என்பதே அதன் விலை.

இதற்கு மாற்று வழிகள் அப்போதே இருந்தன. சர்வரின் பெயரேட்டில் ஒரு மதிப்பைப் பதிந்துவைத்து, அதையே ‘ரிசோர்ஸ்’ குறிப்பின் மூலம் நேராக ஒரு மாறியில் வாங்கிக்கொள்ளலாம். அது தொடக்கத்திலேயே கிடைக்கும். பயன்பாடு எழும்பும் கணத்தைக் கவனிக்கும் கேட்பான் ஒன்றை எழுதி, மதிப்புகளை ஒரு பொது வகுப்பில் நிலையான மாறிகளாக வைத்துவிடலாம். பலர் செய்தது இதைத்தான். ஒரே சேவை வகுப்பை இரண்டு கடைகளுக்காக இரண்டு முகவரிகளில் வெளியிடும் நாள் வரை அது சரியாகவே ஓடும். அன்று இரண்டும் ஒரே நிலையான மாறியைப் படிக்கும். ஒரு கடையின் பில்லில் இன்னொரு கடையின் ஜிஎஸ்டி எண் விழும். ஸ்பிரிங் என்ற ஜாவா சட்டகமும் சிஎக்ஸ்எஃப் என்ற இணையச் சேவை நூலகமும் சேர்ந்து தந்த தீர்வு இவற்றைவிட நேர்த்தியானது. சேவைப் பொருளை ஸ்பிரிங் உருவாக்கி, மதிப்புகளை வைத்து, முழுதாகத் தயாரான பிறகு சிஎக்ஸ்எஃப்பிடம் ஒப்படைக்கும். சர்வர் வெறும் வகுப்பைக் கேட்பதற்குப் பதிலாக ஆயத்தமான பொருளை ஏற்றுக்கொண்டவுடனே பழைய சிக்கலின் முடிச்சு அவிழ்ந்தது. டாட்நெட் பக்கம் வெப்.கான்பிக் கோப்பில் தொடங்கி, பிற்காலத்தில் ஆப்செட்டிங்ஸ் கோப்பும் கட்டமைப்பி வழி வழங்கலுமாக ஏறத்தாழ இதே பாதைதான்.

மதிப்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி இதற்கு அடுத்தது. வெப்.எக்ஸ்எம்எல் பயன்பாட்டுப் பொதிக்குள்ளேயே அடைபட்டிருக்கும். ஒரு முகவரியை மாற்ற வேண்டுமென்றால் பொதியைத் திரும்பக் கட்டி, திரும்ப நிறுவ வேண்டும். ஆகவே மதிப்புகள் வெளியே ஒரு ப்ராப்பர்டீஸ் கோப்புக்குப் போயின. அந்தக் கோப்பில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, மதிப்பின் முன்னால் இருக்கும் வெற்றிடத்தை ஜாவா தள்ளிவிடும், பின்னால் இருப்பதை அப்படியே வைத்துக்கொள்ளும். கடவுச்சொல்லை ஒட்டும்போது கடைசியில் ஒரு வெற்றிடம் சேர்ந்துவிட்டால், கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும். அரசுத் தளமோ கடவுச்சொல் தவறு என்று திருப்பி அனுப்பும். மற்றது நம் மொழியைச் சேர்ந்தது. பைட் ஓட்டமாகப் படித்தால் ஜாவா அந்தக் கோப்பை ஐஎஸ்ஓ-8859-1 குறிமுறை என்றே எடுத்துக்கொள்ளும். கடையின் பெயரைத் தமிழில் எழுதி, கோப்பை யுடிஎஃப்-8இல் சேமித்தால், பில்லில் பெயர் சிதைந்துபோய் அச்சாகும். குறிமுறையைச் சொல்லித் திறந்த ரீடர் வழியாகப் படித்தால் அந்தச் சிதைவு வராது. தமிழ்க் கடைகளுக்கு எழுதுகிறவர்கள் இதை முதல் நாளே செய்துவிட வேண்டும்.

எண்களும் இப்படித்தான். கோட்டாற்றுக் கணக்குப்பிள்ளை 1 லட்சத்தை 1,00,000 என்றுதான் எழுதுவார், அது சரியும்கூட. அதை அப்படியே மதிப்பாக வைத்தால், முழு எண்ணாக மாற்றும் ஜாவாவின் வழக்கமான செயற்பாடு காற்புள்ளியைக் கண்டதும் பிழை எறியும். மதிப்பு வெறும் எழுத்துக்கோவையாக வருவதுதான் இதற்குக் காரணம். வகையும் எல்லையும் சொல்லி, சேவை எழும்பும்போதே எல்லா மதிப்புகளையும் சரிபார்த்து, ஒன்று தவறினாலும் எழும்ப மறுக்கிற சேவையே நல்ல சேவை. காலை ஏழு மணிக்கு எழும்ப மறுத்தால் அதைச் சரிசெய்ய ஆள் உண்டு. சந்தை நேரத்தில் பாதி பில்லில் நின்றால் லாரி காத்துக் கிடக்கும்.

2011இல் ஹெரோக்கு நிறுவனத்தின் ஆடம் விக்கின்ஸ் முன்வைத்த பன்னிரு காரணிக் கொள்கை, சூழலுக்குச் சூழல் மாறும் மதிப்புகளெல்லாம் சூழல் மாறிகளில் இருக்கட்டும் என்றது. சூழல் மாறி 1979இன் ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலேயே வந்த பழைய கருவி. எந்த மொழிக்கும் பொதுவானது, தவறுதலாக நிரல் களஞ்சியத்துக்குள் போய்ச் சேராதது. அதன் வலிமை இவ்வளவுதான். மறுபக்கம், ஒரு செயல்முறை பெற்ற சூழல் மாறிகளை அது தொடங்கும் துணைச் செயல்முறைகளும் பெறும். பிழை அறிக்கைகளில் அவை கசிவதுண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியிலிருந்து மாற்றவும் முடியாது. சேவைகளைக் கலங்களில் ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் வந்த பிறகு கான்பிக்மேப் என்ற பெயரில் மதிப்புகள் தனிப் பொருளாயின. அதைச் சூழல் மாறியாகக் கொடுத்தால் கலம் மறுபடி எழும்பும் வரை பழைய மதிப்பே நிற்கும். கோப்பாக ஏற்றினால் சிறிது நேரத்தில் புதிய மதிப்பு தானே வந்துவிடும், நிரல் அந்தக் கோப்பை மறுபடி படித்தால். ஜாவா உலகின் மைக்ரோபுரொபைல், ஸ்பிரிங் பூட் இரண்டும் பல இடங்களிலிருந்து வரும் மதிப்புகளுக்கு முன்னுரிமை வரிசை வகுத்தன. சிறிய குழுக்கள் இந்த வரிசையை அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. ஒரு மதிப்பு ஐந்து இடங்களில் இருக்கலாம் என்றால், ஓடும் மதிப்பு எது என்பதைக் கண்டுபிடிப்பதே ஒரு நாள் வேலையாகிவிடும்.

முகவரிகளுக்கு இந்த வழிகள் போதும். பில்லைப் பதிந்து பதிவெண் தரும் அரசின் இ-இன்வாய்ஸ் தளத்துக்குச் சோதனைக்கென ஒரு முகவரி, மெய்யான பதிவுக்கென ஒரு முகவரி. நெடுங்காலம் அரசின் தேசியத் தகவலியல் மையமான என்ஐசி நடத்தும் பதிவுத் தளம் ஒன்றே இருந்தது, பிறகு தனியார் பதிவுத் தளங்களும் அனுமதி பெற்றன. 2025 ஜூலையில் இ-வே பில்லுக்கும் இரண்டாவது தளம் வந்தது. ஆக, முகவரி மாறும், ஒன்று படுத்தால் மற்றதுக்குப் போகவும் வேண்டும். இதை மாற்றுகிறவர் சர்வரைப் பார்த்துக்கொள்பவர், எனவே அது அவர் கைக்கு எட்டும் சூழல் மாறியிலோ கோப்பிலோ இருப்பதே சரி. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: முகவரிக்கு இயல்புநிலை மதிப்பு வைக்கக் கூடாது. முகவரி கொடுக்க மறந்த சோதனைச் சர்வர் இயல்பாக மெய்யான தளத்துக்குப் போய்விட்டால், சோதனைப் பில்லுக்கு உண்மையான 64 எழுத்துப் பதிவெண் விழுந்துவிடும். அதை ரத்து செய்ய 24 மணி நேரம்தான் அவகாசம். ரத்து செய்தாலும் அந்தப் பில் எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது.

ரகசியங்களுக்கு வேறு வழி வேண்டும். இ-இன்வாய்ஸ் சேவைக்குள் நுழைய மென்பொருளுக்கான கிளையன்ட் அடையாளம், அதன் ரகசியக் குறியீடு, பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் தேவை. அவற்றைக் கொடுத்து வாங்கும் அனுமதிச் சீட்டு ஆறு மணி நேரம் செல்லும். இந்தச் சீட்டையும் கான்பிக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. அது தவறு. சேவை தானே வாங்கி, நினைவில் வைத்து, காலாவதிக்கு முன் தானே புதுப்பிக்க வேண்டிய தற்காலிக மதிப்பு அது. ரகசியக் குறியீடும் கடவுச்சொல்லும் மனிதர் படிக்கும் கோப்பில் இருக்கக் கூடாது. குபர்நெட்டீஸின் சீக்ரெட் என்ற பொருள் பெயரளவில்தான் ரகசியம். இயல்புநிலையில் அது பேஸ்64 வடிவ மாற்றம் மட்டுமே, யாரும் ஒரு கட்டளையில் திறந்துவிடலாம். குறியாக்கத்தைத் தனியாக இயக்க வேண்டும், அல்லது 2015இல் வந்த வால்ட் போன்ற பெட்டகம் வேண்டும். சிறிய கடைக்கு மென்பொருள் தருகிறவர் இவ்வளவு செய்ய முடியாவிட்டால், அந்தக் கோப்பைச் சேவையின் பயனர் கணக்கு மட்டும் படிக்கும்படி அனுமதியைச் சுருக்கினாலே பெரும்பகுதி ஆபத்து குறையும்.

இனி சட்டம் நிர்ணயிக்கும் எண்கள். கட்டுரையின் கனம் இங்கேதான். இ-இன்வாய்ஸ் யாருக்குக் கட்டாயம் என்ற விற்றுமுதல் வரம்பைப் பாருங்கள். 2020 அக்டோபர் 1 அன்று 500 கோடி ரூபாயில் தொடங்கியது. 2021 ஜனவரியில் 100 கோடி, ஏப்ரலில் 50 கோடி. 2022 ஏப்ரலில் 20 கோடி, அக்டோபரில் 10 கோடி. 2023 ஆகஸ்டு 1 முதல் 5 கோடி. மூன்று ஆண்டுக்குள் ஆறு எண்கள். 500 கோடி இருந்தபோது கோட்டாற்று மொத்த வியாபாரிக்கு அது பத்திரிகைச் செய்தி. 5 கோடிக்கு இறங்கியபோது, மாதம் 42 லட்சம் ரூபாய்க்கு வியாபாரம் நடக்கும் கடை எல்லாம் உள்ளே வந்துவிட்டது. அந்த எண்ணை நிரலுக்குள் எழுதியவர்கள் ஐந்து முறை நிரலை மாற்றினார்கள். கான்பிக் கோப்பில் வைத்தவர்கள் ஐந்து முறை கோப்பை மாற்றினார்கள், ஒவ்வொரு கடையின் கணினியிலும்.

அரிசியில் இன்னும் நுணுக்கம். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான, முன்கூட்டிப் பொதிந்து பெயரிட்ட அரிசி மூட்டைக்கு 5 சதவீத வரி வந்தது. அதற்கு மேல் எடையுள்ள மூட்டைக்கு இல்லை. கொஞ்ச நாளில் தமிழ்நாட்டுச் சந்தையில் 26 கிலோ மூட்டைகள் வந்தன. ஆக, வரி வீதம் மட்டும் கான்பிக்கில் இருந்து பயனில்லை. 25 என்ற எடை வரம்பும் அதோடு சேர்ந்த மதிப்பு; இரண்டும் சேர்ந்து ஒரு விதி. பெயர்–மதிப்பு என்ற தட்டையான வடிவத்துக்குள் விதியைத் திணிக்க முடியாது.

விதிக்குத் தேதியும் வேண்டும் என்பதை 2025 செப்டம்பர் 22 எல்லோருக்கும் காட்டியது. அன்று ஜிஎஸ்டியின் 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலும் நீங்கின. நெய் 12இலிருந்து 5க்கு வந்தது, குளியல் சோப்பு 18இலிருந்து 5க்கு. முந்தின நாள் இரவு கோப்பில் 18ஐ அழித்து 5 என்று எழுதிய சேவை, மறுநாள் புதிய பில்லைச் சரியாகவே போடும். ஆனால் செப்டம்பர் 10 அன்று வாங்கிய சோப்புப் பெட்டியை 25 அன்று ஒரு சில்லறைக் கடைக்காரர் திருப்பித் தருகிறார். அதற்கான வரவுக் குறிப்பு பழைய 18 சதவீதத்தில் போடப்பட வேண்டும், முதல் பில் அந்த வீதத்தில் இருந்ததால். சேவைக்கோ 18 என்று ஒன்று இருந்ததே தெரியாது. சரக்கு 20 அன்று போய், பில்லும் பணமும் 22க்குப் பிறகு என்றால்? சரக்குப் போன நாள், பில் போட்ட நாள், பணம் வந்த நாள் மூன்றையும் மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 14ஆம் பிரிவு பார்க்கிறது. மூன்றில் இரண்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்க வீதம். இங்கே தேவைப்படுவது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எந்த வீதம் என்று பழையதையும் வைத்திருக்கும் ஓர் அட்டவணை. அதன் இடம் தரவுத்தளம். பழைய பதிவை அழிப்பது கிடையாது, புதிய பதிவைச் சேர்ப்பது மட்டுமே. அப்படி வைத்திருந்தவர்கள் புதிய வீதத்தை முன்கூட்டியே பதிந்துவிட்டு 21ஆம் தேதி இரவு நிம்மதியாகத் தூங்கலாம்.

மாநில எண்ணையும் இதே கண்ணோடு பார்க்கத் தோன்றுகிறது. 1956 நவம்பர் 1 அன்று கோட்டாறு இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு மாறியது. அன்று கணினி பில் இருந்திருந்தால் ஒரே இரவில் மாறியிருக்க வேண்டிய மதிப்புகளில் முதலாவது அந்த இரண்டு இலக்கம்தான்.

கடையின் சொந்த மதிப்புகள் நான்காவது வகை. ஜிஎஸ்டி எண், பில் முன்னெழுத்து, அச்சுக் காகித அளவு போன்றவை. ஒரே சேவை நூறு கடைகளுக்கு ஓடும்போது இவை சேவையின் தொடக்கத்தில் வரவே கூடாது. ஒவ்வொரு கோரிக்கையோடும் கடையின் அடையாளம் வர, அதைக் கொண்டு சேவை அந்தக் கடையின் பதிவை எடுத்துக்கொள்ள வேண்டும். மாற்றும் உரிமை கடைக்காரருக்கு, திரையில். இதற்காக ஒரு வியாபாரி சர்வர் பார்ப்பவரைக் கூப்பிட வேண்டிய நிலை இருந்தால் வடிவமைப்பே பிழை.

மதிப்பை மாற்றுவது நிரலை மாற்றுவதைவிட லேசான காரியம் என்ற எண்ணம் தொழிலில் ஆழமாக இருக்கிறது. நிரலுக்குச் சோதனை உண்டு, மதிப்புக்குப் பெரும்பாலும் கிடையாது. 2012 ஆகஸ்டு 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் பங்குத் தரகு நிறுவனம், எட்டுச் சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரலை நிறுவ மறந்தது. பழைய வேலை ஒன்றை இயக்க இருந்த கொடி என்ற ஆம்-இல்லை மதிப்பைப் புதிய வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு சர்வரில் கொடி பழைய நிரலை எழுப்பிவிட்டது. முக்கால் மணி நேரத்தில் ஏறத்தாழ 44 கோடி டாலர் இழப்பு. 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக் அனுப்பியதும் நிரல் அல்ல, ஓர் உள்ளடக்கக் கோப்பு. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். பெயரை மறுபயன் செய்யாதிருப்பதும், மதிப்பு மாற்றத்தை முதலில் ஒரு சர்வரில் மட்டும் விட்டுப் பார்ப்பதும் நாகர்கோவிலில் நான்கு பேர் நடத்தும் மென்பொருள் கடைக்கும் முடிகிற காரியங்கள்.

இன்னொன்றும் முடியும், அதைச் செய்கிறவர்கள்தான் குறைவு. ஒவ்வொரு பில்லோடும், அது எந்த வீதத்தில், எந்த விதிப் பதிவின்படி, எந்த முகவரிக்குப் போய்ப் பதிவானது என்பதைச் சேர்த்து எழுதிவைப்பது. ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டு அறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளைக் காக்க வேண்டும். 2025-26ஆம் ஆண்டின் அறிக்கைக்குக் கடைசித் தேதி 2026 டிசம்பர் 31. அப்படியானால் செப்டம்பர் 20 அன்று கம்பளத்திலிருந்து போன சோப்புப் பெட்டிக்கு ஏன் 5, ஏன் 18 அல்ல என்று 2032 டிசம்பர் வரை ஓர் அதிகாரி கேட்கலாம். அன்று அந்தச் சர்வர் இருக்காது, கோப்பும் இருக்காது, எழுதியவர் வேறு ஊரில் இருப்பார். பில்லின் பதிவில் இருப்பதை வைத்துத்தான் வியாபாரி பதில் சொல்ல முடியும்.